பின்னமான திருமேனிகளும் பிழையான வினாவும்

ஐரோலியில் ஓர் அடுக்குமாடி வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தாராவியில் ஒரு தலைமுறையும் மாதுங்காவில் ஒரு தலைமுறையும் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் அது. பிள்ளைகளின் அலுவலகம் மைண்ட்ஸ்பேஸ் வளாகத்துக்கு வந்தபின் கழி கடந்து நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தது. பாட்டியின் தகரப்பெட்டியோடு வந்த செப்புத் திருமேனிகள் நான்கைந்து பூசை அலமாரியின் கீழ்த்தட்டில், தினமும் விளக்கேற்றும் இடத்திலிருந்து சற்று விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. தவழும் கண்ணனுக்கு வலக்கை மணிக்கட்டோடு இல்லை. பிள்ளையாரின் பீடத்தில் விரிசல். அம்மனின் திருவாசி கழன்று தனியே கிடக்கிறது. நவராத்திரிக்குக் கொலுப்படி அடுக்கும் போதெல்லாம் அவ்வீட்டில் ஒரே வினா எழும்: இவற்றைப் பழுதுபார்ப்பதா, விற்றுவிடுவதா?

விடை சொல்வோருக்குப் பஞ்சமில்லை. பின்னமானது வீட்டில் இருக்கலாகாது, கழியில் விட்டுவிடுங்கள் என்பார் புரோகிதர். சுவாமிமலைக்கு அனுப்பினால் புதிதுபோல் செய்து தருவார்கள் என்பார் மாமா. சோர் பஜாரில் மட்டன் தெருப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் நல்ல விலை கிடைக்கும் என்பார் எதிர்வீட்டுக்காரர். நான்காவது ஆள் படித்தவர். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “சோழர் காலத்தது இல்லை” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். முதல் மூவரும் பொருளுக்குத் தீங்கு செய்யக்கூடியவர்கள்தாம். ஆனால் அம்மூவரின் தீங்குக்கும் வழிதிறந்து விடுபவர் இந்த நான்காமவரே. சோழர் காலத்தது இல்லை என்ற அந்த ஒரு வரி, எடைக்குப் போட்டாலும் குற்றமில்லை என்ற உரிமச் சீட்டாகவே அக்குடும்பத்தின் காதில் விழுகிறது.

மும்பைத் தமிழர் பேச்சில் பழைய இரும்பு, பித்தளை, காகிதம் யாவும் ‘பங்கார்’. மராத்தியும் இந்தியும் தந்த சொல். தெலுங்கில் ‘பங்காரு’ என்றால் பொன். காஞ்சியிலிருந்து தஞ்சைக்குப் பெயர்ந்த பொற்காமாட்சியின் பெயரே பங்காரு காமாட்சி. இரு சொற்களின் முதலெழுத்துகளைப் பிரிக்கும் மூச்சொலியைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. ஏட்டில் குப்பையும் பொன்னும் ஏறத்தாழ ஒரே வடிவில் நிற்கின்றன. எது எது என்று காதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். வீட்டுத் திருமேனிகளின் நிலையும் இதுவே. கேட்டறிய வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பழுதுபார்ப்பதும் விற்பதும் எதிரெதிர் வழிகள் என்ற நினைப்பே முதற்பிழை. வரலாற்றில் இவை இரண்டும் ஒரே தெருவின் இரு முனைகளாக இருந்திருக்கின்றன. அந்தத் தெரு பம்பாய் வழியாகவே சென்றது.

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டு வயலை உழும்போது ஒரு நடராசரும் வேறு சில செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. நடராசர் பத்தாம் நூற்றாண்டு வார்ப்பு. அரசு அவற்றை ஊர்க் கோயிலுக்கே அளித்தது. வழிபாட்டுக்கு உகந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1954இல் நடராசர் பழுதுபார்ப்புக்கு அனுப்பப்பட்டார். நல்ல நோக்கம்; எவரும் குறை சொல்ல முடியாத நோக்கம். பட்டறையில் அச்சொத்த ஒரு பிரதி வார்க்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது பிரதி. மூலம் விற்கப்பட்டது. ஊரார் ஆண்டுக்கணக்கில் பிரதிக்குப் பூசை செய்தனர். ஐயம் எவருக்கும் எழவில்லை. பழுதுபார்த்த பொருள் புதிதுபோல் இருப்பது இயல்புதானே!

1965இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றித் தாம் வெளியிட்ட நூலில், சிவபுரத்தில் இருப்பது பிரதி என்றும் மூலம் பம்பாயில் தனியார் சேகரிப்பில் உள்ளது என்றும் எழுதினார். அந்நூல் வெளியானதும் பம்பாயில்தான். அச்சில் வந்தபிறகும் பொருள் நகர்ந்துகொண்டே இருந்தது. 1969இல் அது நியூயார்க் வணிகர் ஒருவரிடம் சேர்ந்தது. 1973இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அதை வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுகள் காட்சிக்கு வைத்துக்கொண்டு பின்னர் திருப்பித் தருவது என்று 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. நடராசர் நாடு திரும்பினார். நாடு திரும்பியபோது பட்டறைக்குப் போய் முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வழக்கைக் கடத்தல் கதையாகவே வகுப்பறைகளில் சொல்கிறார்கள். உண்மையில் இது பழுதுபார்ப்பின் கதை. பட்டறைக்குப் போகுமுன் அந்தத் திருமேனியின் ஒவ்வொரு கீறலும் படமெடுத்துக் குறிக்கப்பட்டிருந்தால், திரும்பி வந்தது வேறு என்பதை ஊரின் எழுத்தரே கண்டுபிடித்திருப்பார். பழுதைப் பதிவு செய்யாமல் பழுதை நீக்கப் புகுந்ததே இழப்பின் தொடக்கம். தழும்புதான் அடையாளம்.

பத்தூர் நடராசர் வழக்கில் இதன் மறுபுறம் தெரிகிறது. 1976இல் தஞ்சைப் பகுதியின் பத்தூரில், சிதைந்துபோன விசுவநாதசுவாமி கோயில் அருகே, கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது அது வெளிப்பட்டது. பல கைகள் மாறி, 1982இல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் லண்டனில் இரண்டரை இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. மதிப்பீட்டுக்கும் செப்பனிடலுக்குமாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது காவல்துறை கைப்பற்றியது. 1988இல் லண்டன் உயர் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் பக்கமே தீர்ப்பளித்தன. கோயில் இடிந்து கிடந்தாலும், அதை நிறுவியவரின் அறநோக்கம் அங்கிருந்த சிவலிங்கத்தின் வடிவில் உயிரோடு இருக்கிறது என்ற வாதத்தை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இடிபாடு உரிமையை அழிப்பதில்லை என்று லண்டனில் ஒப்புக்கொண்டார்கள். ஐரோலியில் மணிக்கட்டு முறிந்த கண்ணனுக்கு வீட்டில் இருக்க உரிமையில்லை என்கிறார்கள்.

‘பின்னம்’ என்ற சொல் வடமொழி ‘பின்ன’ என்பதன் வழி வந்தது. பிளவுபட்டது, பிரிந்தது என்பது அடிப்படைப் பொருள். பள்ளிக் கணக்கில் அரை, கால், முக்கால் யாவும் பின்னங்களே. கால் என்பதை எண் அல்ல என்று எந்த ஆசிரியரும் தூக்கி எறிவதில்லை. திருமேனியிடம் மட்டும் இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது? ஆகமங்களிலிருந்து என்று விடை வரும். ஆகமங்களும் சிற்ப நூல்களும் ஜீர்ணோத்தாரணத்தைப் பேசுவது உண்மை. ஆனால் அவை பேசும் விதம் புரோகிதரின் ஒற்றை வாக்கியத்தைப் போன்றதன்று. பெரிய உறுப்பின் சிதைவும் சிறிய உறுப்பின் சிதைவும் அங்கே ஒன்றல்ல. சிறு குறைகளைச் செப்பனிட்டு வழிபாட்டைத் தொடரவும் இடமுண்டு, பெருஞ்சிதைவு நேர்ந்த உலோகப் படிமத்தை உருக்கி மீண்டும் வார்க்கவும் விதியுண்டு. தவிரவும் அவ்விதிகள் முறைப்படி பிரதிட்டை செய்யப்பட்ட கோயில் திருமேனிகளை நோக்கியவை. நாச்சியார்கோயில் கடைவீதியிலோ கும்பகோணத்திலோ கன்னாரிடம் வாங்கி, மஞ்சள் குங்குமம் இட்டு அலமாரியில் வைத்த நான்கு அங்குலக் கண்ணனின் மேல் அதே விதியைப் பாய்ச்சுவது, தெருமுனைப் பேச்சைத் தொல்காப்பிய நூற்பாவால் திருத்தப் புகுவதைப் போன்றது.

அப்படியே விதி பொருந்தும் என்று கொண்டாலும், கழியில் விடுவது உலோகத்துக்குச் சொன்ன வழி அன்று. ஐரோலியை ஒட்டிய தாணேக் கழியின் உப்புச் சேற்றில் செப்பைப் போடுவதற்கு வேதியியலில் ஒரே பெயர்தான்: அழிப்பு.

மாமாவின் யோசனை அடுத்தது. சுவாமிமலைக் கைவினைஞரின் திறமைமேல் எந்த ஐயமும் எழ வேண்டியதில்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, பின் கருவை உடைத்து எடுக்கும் முறையில் ஒரு வார்ப்பு போல் இன்னொன்று அமையாது. குறை திறமையில் இல்லை. கேட்பவர் கேட்கும் விதத்தில் இருக்கிறது. “புதிதுபோல் செய்து கொடுங்கள்” என்றால் அவர் புதிதுபோல்தான் செய்து கொடுப்பார். புதிய கை ஒன்றை வார்த்துப் பற்றவைப்பார். பற்றவைக்கும் சூட்டில் மேற்பரப்பின் பழமைப் படிவு போகும். அரத்தால் தேய்த்து மெருகேற்றும்போது மூக்கும் இமையும் சற்றே மழுங்கும். இன்றைய கலவையில் பித்தளை வழியாக வரும் துத்தநாகம் பழைய உலோகத்தோடு கலந்து நிற்கும். சாரதா சீனிவாசன் போன்றோர் ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் சுவடுத் தனிமங்களையும் கொண்டு தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் காலத்தையும் குழுவையும் வகுக்க முயன்றிருக்கிறார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் போன ஆண்டின் பற்றுலோகம் இருந்தால் அந்தப் பகுப்பாய்வு யாருடைய காலத்தைச் சொல்லும்?

தமிழ்த்துறையினர் இவ்விடத்தில் தம் வீட்டுப் பாடத்தையே நினைத்துப் பார்க்கலாம். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. சொற்கள் இற்றுப் போயிருந்தன. அவ்விடங்கள் புள்ளிகளாகவே அச்சேறின. ஐயருக்கு யாப்புத் தெரியாமலா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் நினைத்திருந்தால் ஓசையும் தொடையும் பிசகாமல் விடுபட்ட அடிகளை ஓர் இரவில் கட்டி முடித்திருப்பார். படிப்பவருக்கு வித்தியாசமே தெரிந்திராது. அந்த வித்தியாசம் தெரியாமற் போவதே கேடு என்று அவர் அறிந்திருந்தார். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றளவும் இல்லை. இல்லை என்றே அச்சிடுகிறோம், இல்லை என்றே நடத்துகிறோம். ஓலையின் புள்ளிக் கோட்டுக்கு இத்தனை மரியாதை காட்டும் அதே துறைகள், உலோகத்தின் புள்ளிக் கோட்டில் எவரோ ஒரு கையை ஒட்டும்போது வாய் திறப்பதில்லை. பாடபேதம் ஓலைக்கு மட்டுமா உண்டு?

தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். முதலாம் இராசராசன் காலத்து 1011ஆம் ஆண்டு வார்ப்பு. தலையில் பாம்பைச் சுற்றிய தலைப்பாகை, ஒருகால் மாற்றி நிற்கும் ஒய்யாரம், இடக்கை இடுப்பில், வலக்கை அருகில் நிற்கும் காளையின்மேல் சாய்ந்திருக்கிறது. காளைதான் இல்லை. கை வெற்றிடத்தின்மேல் தங்கியிருக்கிறது. புரோகிதரின் கணக்கில் அது பின்னம். மாமாவின் கணக்கில் ஒரு காளையை வார்த்துச் சேர்த்தால் முழுமை. எதிர்வீட்டுக்காரரின் கணக்கில் ஜோடி உடைந்த பொருள், விலை குறையும். நல்ல வேளையாக இம்மூவரும் அங்கே பொறுப்பில் இருக்கவில்லை. வெறுங்காற்றில் சாய்ந்த அந்தக் கையைக் காணத்தான் மக்கள் கடல் கடந்து வருகிறார்கள்.

அதற்காகக் கைவைக்கவே கூடாது என்று பொருளன்று. தமிழ்ச் சொல்லே வழி சொல்கிறது. பழுது ‘நீக்குதல்’ என்று நாம் சொல்வதில்லை. பழுது ‘பார்த்தல்’ என்கிறோம், வைத்தியம் பார்த்தல் என்பதைப் போல. முதலில் பார்க்க வேண்டும். முறிவு பழையதா புதியதா. முறிந்த பகுதி கையில் உள்ளதா. உலோகம் இன்னும் நோயோடு இருக்கிறதா. மூன்றாவதுதான் மும்பையில் உயிர்நிலை. செப்பின் உள்ளே சிக்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளிறிய பச்சைப் பொடியாகப் பூக்கும்; இதை வெண்கல நோய் என்பர். பொடியைத் துடைத்தால் அடியில் குழி இருக்கும். உறுதியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சை வேறு. அது உலோகத்தின் போர்வை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைத் தாண்டினாலே நோய் விழித்துக்கொள்ளக் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஐரோலியின் காற்று அதன் இரு மடங்கு ஈரத்தில் மிதக்கிறது. போதாக்குறைக்குக் கழியின் உப்பு. இந்நிலையில் பண்டிகைக்கு முன் எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்ப்பது, குளோரைடை நாமே ஊட்டுவதாகும். புளியும் மெருகுப் பொடியும் போர்வையை உரிக்கும். பீடத்தின் அடியில் யாரேனும் வெட்டிவைத்த பெயரோ ஊரோ இருந்தால் அவ்வெழுத்தையும் சேர்த்து உரிக்கும். எழுத்தை இழப்பதற்குப் படையெடுப்பு தேவையில்லை. ஆயுத பூசையே போதும்.

இந்த அறிவு புதிதன்று, தொலைவிலும் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்புக்கென ஆய்வகம் ஏற்பட்டது, எஸ். பரமசிவன் அதன் முன்னோடி. திருமேனிகளின் உப்பரிப்பை நீக்க மின்பகுப்பு முறையை அங்கே கையாண்டார்கள். படிவு முழுவதையும் உரித்துவிடும் அம்முறையை இன்றைய பாதுகாப்பாளர்கள் எளிதில் கையிலெடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தாம் செய்ததை எழுதி வைத்தார்கள், அதனால்தான் இன்று குறை காண முடிகிறது. மும்பையிலேயே சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு மையம் இயங்குகிறது. சோர் பஜாருக்குப் போகும் தொலைவைவிட அது பெரிதாக ஒன்றும் கூடுதலில்லை.

விற்பனையின் பக்கம் வருவோம். இங்கே ஒரு நேர்மை வேண்டும். மருத்துவச் செலவுக்கோ படிப்புக்கோ பணம் தேவைப்படும் குடும்பத்திடம் மரபைக் காக்கச் சொல்லி உபதேசம் செய்வது மாத ஊதியக்காரர்களின் சொகுசு. பொருள் அவர்களுடையது, விற்கும் உரிமையும் அவர்களுடையது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் உள்நாட்டில் விற்பதைத் தடை செய்யவில்லை. நூறாண்டு கடந்த உலோகச் சிற்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினால் தெரிவிக்க வேண்டும். வணிகம் செய்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியார் எவரும் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யலாகாது. அவ்வளவே. நூறாண்டு ஆகிறதா என்று எவரும் சொல்லித் தராததால்தான் குடும்பங்கள் அச்சப்பட்டுச் சத்தமின்றி எடைக்குப் போடுகின்றன. எடைக்குப் போட்டது தாராவியின் உலைக்குப் போகிறது. அதற்கப்பால் வினாவும் இல்லை, வரலாறும் இல்லை.

எடைக்குப் போடாமல் வியாபாரியிடம் கொடுக்கும்போது இன்னொரு சிக்கல். அவருக்குச் சிலையைவிடச் சிலையின் கதை விலைபெறும். “மாதுங்காக் குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சொத்து” என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள், அக்கண்ணனோடு மட்டும் பயணம் செய்யும் என்று எவர் உறுதி தர முடியும்? ஸ்ரீபுரந்தான் நடராசரை 2008இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது, பொய்யான உடைமை வரலாற்றை நம்பித்தான். 2014இல் திருப்பித் தந்தது. நேர்மையான வீடுகளின் கதைகளுக்குத் திருட்டுச் சந்தையில் எப்போதும் தேவை உண்டு. விற்பதாயின் படம், உயரம், எடை, முறிவின் விவரம் எழுதிய தாளில் விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளட்டும். இதைச் செய்ய மறுக்கும் வியாபாரியிடம் விற்க வேண்டியதில்லை.

இனி, “சோழர் காலத்தது இல்லை” என்றவரிடம் திரும்பலாம். தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் எடுப்பித்த திருமேனிகளை அவன் கல்வெட்டுகள் முழத்தாலும் விரலாலும் அளந்து குறிக்கின்றன. எத்தனை கை, பீடம் எத்தனை விரல், உடன் நிற்பவர் யார் என்று வரிவரியாக. அளக்கும் முழக்கோலும் கோயிலிலேயே இருந்தது. ஆயிரம் ஆண்டுக்குமுன் ஒரு கோயிலின் எழுத்தர் செய்த அந்த வேலையை, கைப்பேசியும் எண்ணியல் தராசும் வைத்திருக்கும் ஆய்வாளர் ஒரு வீட்டுக்குச் செய்ய மறுக்கிறார். காரணம் எளிது. சோழர் செப்புத் திருமேனிக்குக் கருத்தரங்கு உண்டு, மேற்கோள் எண்ணிக்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கன்னார் ஒருவர் செய்த நான்கு அங்குலக் கண்ணனுக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பம்பாய்க்குக் கப்பலிலும் ரயிலிலும் வந்த மக்கள் எதை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள், எந்த ஊர்க் கன்னாரின் கைவேலை எந்தச் சாதி வீட்டில் இருந்தது, எந்தத் தெய்வம் தாராவியில் பெயர் மாறியது என்பவற்றுக்கு இக்கண்ணன்களைத் தவிர வேறு சான்று அதிகம் இல்லை. இடப்பெயர்வு பற்றிய ஆய்வேடுகள் நேர்காணல்களால் நிரம்பி வழிகின்றன. நேர்காணல் நடந்த அறையின் அலமாரியில் இருந்தது என்ன என்று அவற்றில் ஒரு வரி தேடினால் கிடைப்பதில்லை.

இதற்கு நிதிநல்கை வேண்டும், திட்டம் வேண்டும் என்று எவரும் காத்திருக்கத் தேவையில்லை. முறிந்த விரலைத் தூக்கி எறியாமல் பஞ்சில் சுற்றித் திருமேனியோடு ஒரே பெட்டியில் வைக்கச் சொல்லலாம். பெட்டி இறுக மூடுவதாக இருக்கட்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. தேய்ப்பதை நிறுத்தச் சொல்லலாம். பூசை வேண்டுமெனில் பின்னமான கண்ணனுக்கே ஒரு துளசி இலை வைக்கலாம். வீட்டில் அதைத் தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. பாட்டி எந்த ஊரில் எப்போது வாங்கினார், கை எப்போது முறிந்தது என்பதை அவர் வாய்மொழியிலேயே, அவர் வட்டார வழக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். பீடத்தைத் திருப்பிப் பார்த்து எழுத்திருந்தால் சாய்வொளியில் படமெடுக்கலாம். மழை தொடங்குவதற்குமுன் செய்தால் நல்லது. மணிக்கட்டு முறிவில் பூத்திருப்பது போர்வையா பொடியா என்று பார்ப்பதற்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். தாணேயிலிருந்து டிரான்ஸ்-ஹார்பர் ரயிலில் ஐரோலி சில நிமிடத் தொலைவுதான்.